ஆறு நிமிட விதி எங்கிருந்து வந்தது? இணையவழிப் பாடங்களும் அவற்றின் பின்னுள்ள ஆய்வுகளும்

இணையவழிப் பாடம் தயாரிக்கும் நிறுவனங்களின் திட்டக் கூட்டங்களில் ‘ஆய்வுகள் சொல்கின்றன’ என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். வீடியோ ஆறு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று ஆய்வுகள் சொல்கின்றன. திரையில் எழுதியிருப்பதை வாய்ஸ் ஓவரில் அப்படியே வாசிக்கக் கூடாது என்று ஆய்வுகள் சொல்கின்றன. படிப்பதில் 10 சதவீதம்தான் மனத்தில் நிற்கும், செய்து பார்ப்பதில் 90 சதவீதம் நிற்கும் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. எந்த ஆய்வு, யார் செய்தது, யாரை வைத்துச் செய்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது ஏதோ ஒரு பயிற்சி வகுப்பின் ஸ்லைடாக வந்தது. அந்த ஸ்லைடைத் தயாரித்தவருக்கு இன்னொரு ஸ்லைடிலிருந்து வந்தது.

மேலே சொன்ன மூன்றில் ஒன்றுக்கு ஆய்வே கிடையாது. ஒன்றுக்கு ஆய்வு உண்டு, ஆனால் அது அளந்தது வேறு. இன்னொன்றுக்கு நல்ல ஆய்வுகள் நிறையவே உண்டு, ஆனால் அவற்றோடு வந்த நிபந்தனைகள் வழியிலேயே கழன்று விழுந்துவிட்டன. இந்தத் துறைக்கு ஆய்வு எப்படி வந்து சேர்கிறது, வந்த பிறகு என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தாலே போதும்.

யாரும் அளக்காத சதவீதங்கள்

எட்கர் டேல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். வகுப்பறையில் திரைப்படம், ஒலிப்பதிவு, கண்காட்சி போன்றவற்றைப் பயன்படுத்துவது பற்றி 1946இல் ஒரு நூல் எழுதினார். அதில் ‘அனுபவக் கூம்பு’ என்று ஒரு படம் வரைந்திருந்தார். கூம்பின் அடியில் நேரடி அனுபவம். மேலே போகப் போக நாடகம், செய்முறை விளக்கம், களப்பயணம், கண்காட்சி, திரைப்படம். உச்சியில் வெறும் சொற்கள். கண்ணால் கண்டு கையால் தொடக்கூடிய அனுபவத்திலிருந்து அருவமான குறியீடு வரை ஊடகங்களை வரிசைப்படுத்துவதுதான் அவருடைய நோக்கம். எது எவ்வளவு நினைவில் நிற்கும் என்ற கேள்விக்குள் அவர் போகவே இல்லை. படத்தில் ஒரு சதவீதக் கணக்குகூடக் கிடையாது. இதை இறுக்கமான படிநிலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவரே எச்சரித்தும் இருந்தார்.

எண்கள் வேறு வழியாக வந்தன. 1967இல் ஒலி-ஒளிக் கருவிகள் பற்றிய அமெரிக்க வணிக இதழ் ஒன்றில், எண்ணெய் நிறுவன ஊழியரான ட்ரெய்ச்லர் ஒரு கட்டுரை எழுதினார். படிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20, பார்ப்பதில் 30, பார்த்துக் கேட்பதில் 50, தாமே சொல்வதில் 70, சொல்லிக்கொண்டே செய்வதில் 90 என்ற பட்டியல் அதில் இருந்தது. ஆதாரம் எதுவும் தரப்படவில்லை. பிற்பாடு யாரோ இந்த எண்களை டேலின் கூம்பின் மீது ஏற்றிவிட்டார்கள். ஒரு பேராசிரியரின் பெயரும் வடிவான ஒரு படமும் சேர்ந்ததும் பட்டியலுக்கு ஆய்வின் தோற்றம் வந்துவிட்டது. இதன் இன்னொரு வடிவமான ‘கற்றல் பிரமிடு’ அமெரிக்காவின் தேசியப் பயிற்சி ஆய்வகத்தின் பெயரில் சுற்றுகிறது. மூல ஆய்வைக் கேட்டவர்களுக்கு, அது இப்போது தங்களிடம் இல்லை என்றே அந்த நிறுவனம் பதில் எழுதியது. தீபக் சுப்ரமணி, மைக்கேல் மொலெண்டா, ஆன்டனி பெட்ரஸ், வில் தால்ஹைமர் ஆகிய நால்வரும் பழைய நூல்களையும் இதழ்களையும் தோண்டி, இந்தக் கணக்கின் வேரைத் தேடி 2014இல் விரிவாக எழுதினார்கள். வேரில் எந்தச் சோதனையும் இல்லை.

ஒரு நிமிடம் நின்று யோசித்தாலே இதில் சந்தேகம் வர வேண்டும். உண்மையான அளவீடு எங்காவது முழுப் பத்துகளாகவே வருமா? படித்தது எதை, திருக்குறளையா, வருமான வரிப் படிவத்தின் அடிக்குறிப்பையா? படித்தவர் யார்? நினைவில் நிற்கிறதா என்று சோதித்தது அன்று மாலையிலா, ஆறு மாதம் கழித்தா? இந்தக் கேள்விகளுக்கு இடமில்லாத எண் எதையும் சொல்வதில்லை. ஆனாலும் அந்த எண்ணை நம்பி வேலை நடக்கிறது. பாடத்திலிருந்து இரண்டு பத்தி நல்ல விளக்கம் வெட்டப்படுகிறது. அந்த இடத்தில் தீயணைப்புக் கருவியின் பெயரை இழுத்துக்கொண்டுபோய் அதன் படத்தின் மேல் விடும் ஒரு பயிற்சி சேர்க்கப்படுகிறது. கை அசைந்துவிட்டதால் ‘செய்து கற்றல்’ நடந்துவிட்டதாகக் கணக்கு.

கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், செய்து கற்பவர் என்று மாணவர்களைப் பிரிக்கும் ‘கற்றல் பாணி’க் கோட்பாடும் இதற்கு நெருங்கிய உறவுதான். 2004இல் பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்டு குழுவினர் எண்ணிப் பார்த்தபோது இப்படி 71 பிரிப்புமுறைகள் இருந்தன. ஒருவரின் பாணிக்கு ஏற்பக் கற்பித்தால் அவர் கூடுதலாகக் கற்கிறார் என்று காட்டும் தகுந்த சான்று இல்லை என்று ஹெரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008இல் எழுதினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் ஆசிரியர்களிடம் கேட்டபோது, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதை இன்னும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆய்வு வெளியாவதும் அது தொழில் செய்பவரின் கைக்குப் போய்ச் சேருவதும் வேறு வேறு காரியங்கள்.

கைக்கு எப்படி வருகிறது?

சென்னையிலும் பெங்களூரிலும் புனேயிலும் பாட வடிவமைப்பாளர் வேலைக்கு வருபவர்களில் பலர் ஆங்கில இலக்கியமோ பொறியியலோ படித்தவர்கள். கல்வி உளவியலை முறையாகக் கற்க அவர்களுக்கு வாய்ப்பு இருந்ததில்லை. வேலையில் சேர்ந்ததும் சில வாரப் பயிற்சி; பிறகு ஸ்டோரிபோர்டு, அதாவது ஒவ்வொரு திரையிலும் என்ன வரும் என்று எழுதும் வரைவு. வாடிக்கையாளரிடமிருந்து நூறு பக்க பி.டி.எஃப். வரும், பொருள் வல்லுநர் ஒரு மணி நேரம் பேசுவார், சில நாளில் முதல் வரைவு போக வேண்டும். அந்த இடைவெளியில் ஆய்விதழைத் திறந்து படிக்க யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. அதனால் மேலதிகாரி சொல்வதும், மாநாட்டில் கேட்டதும், லிங்க்ட்இன்னில் பார்த்த படமும், மென்பொருள் விற்கும் நிறுவனம் இலவசமாகத் தரும் அறிக்கையும்தான் ‘ஆய்வு’ ஆகின்றன. கடைசியாகச் சொன்னதில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. குறும்பாடம் தயாரிக்கும் கருவியை விற்பவரின் அறிக்கை, குறும்பாடம் வேண்டாம் என்று முடிய வழியில்லை.

நல்ல இடைத்தரகர்களும் உண்டு. அவர்களுக்கு இந்தத் துறை மிகவும் கடன்பட்டிருக்கிறது. ரூத் கிளார்க்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு மேயரும் சேர்ந்து எழுதிய வழிகாட்டி நூல் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பல பதிப்புகள் கண்டுவருகிறது. பாட்டி ஷாங்க், வில் தால்ஹைமர், மிரியம் நீலன், பால் கிர்ஷ்னர் போன்றவர்கள் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, தொழில் செய்பவருக்குப் புரியும்படி எழுதிவருகிறார்கள். ஒரு வடிவமைப்பாளர் ஆண்டுக்கு இவர்களில் ஒருவரின் நூலை ஒழுங்காகப் படித்தாலே அவருடைய வேலை மாறும். தனியாகத் தேடிப் பார்க்கும் ஐம்பது கட்டுரைகளைவிட அது பயனுள்ளது என்பது என் கருத்து.

தேடவே வேண்டியிருந்தால் முதல் தடை, தொழிலில் புழங்கும் பெயரும் ஆய்வாளர் வைக்கும் பெயரும் ஒன்றாக இல்லாதது. குறும்பாடத்துக்குத் தொழிலில் வழங்கும் பெயரான ‘மைக்ரோலேர்னிங்’ என்பதை, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் போட்டால் அண்மைக் காலத்துக் கட்டுரைகள்தான் பெரும்பாலும் வரும். அவற்றில் பல, கற்றவர்களுக்குப் பிடித்திருந்ததா என்று கேட்ட கருத்துக்கணிப்புகள். அதே பொருளுக்கு உளவியலில் ஆழமான பழைய ஆய்வுகள் ‘செக்மென்டிங்’ (பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது) என்ற பெயரிலும் ‘ஸ்பேசிங் எஃபெக்ட்’ (இடைவெளி விட்டுப் படிப்பதன் பலன்) என்ற பெயரிலும் இருக்கின்றன. வினாடி வினா பற்றித் தேடுபவருக்குக் கிடைக்காதது ‘ரிட்ரீவல் பிராக்டிஸ்’ (நினைவிலிருந்து எடுத்துப் பார்க்கும் பயிற்சி) என்று தேடினால் கொட்டுகிறது.

இரண்டாவது தடை பணம். இந்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் நல்ல காரியம். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பாளர்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். ஆனால் பயன்பெறுவது அரசு நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களும்தான். தனியார் இ-லேர்னிங் நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கோ, வீட்டிலிருந்து ஸ்டோரிபோர்டு எழுதுபவருக்கோ இந்தக் கதவு திறக்கவில்லை. அவர்களுக்கு வேறு சில வழிகள் இருக்கின்றன. கூகுள் ஸ்காலரில் தேடல் முடிவின் அடியில் உள்ள ‘எல்லாப் பதிப்புகளும்’ என்ற இணைப்பைச் சொடுக்கினால், பல நேரம் ஆசிரியரே பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றிவைத்த இலவசப் பிரதி கிடைக்கும். அமெரிக்கக் கல்வித் துறையின் ‘எரிக்’ தரவுத்தளம் யாருக்கும் திறந்திருக்கிறது. கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகம் தொலைநிலைக் கல்விக்காக நடத்தும் ஆய்விதழைக் கட்டணமின்றிப் படிக்கலாம். எதுவும் கிடைக்காவிட்டால் ஆய்வாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதலாம். தங்கள் கட்டுரையை ஒருவர் படிக்கக் கேட்கிறார் என்றால் அனுப்பிவைப்பவர்கள்தான் அதிகம்.

இப்போது பலரும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்கிறார்கள். தேடலுக்கான சொற்களைக் கண்டுபிடிக்க அது உதவும். ஆனால் இல்லாத கட்டுரைக்கு இருக்கும் ஆய்வாளரின் பெயரைப் போட்டு, ஆண்டும் இதழும் சேர்த்துக் கொடுக்கும் பழக்கம் அதற்கு உண்டு. கட்டுரையைக் கண்ணால் பார்க்காமல் வாடிக்கையாளருக்குப் போகும் ஆவணத்தில் அதன் பெயரைச் சேர்க்கவே கூடாது.

ஆறு நிமிடம்

2014இல் பிலிப் குவோ, ஜுஹோ கிம், ராப் ரூபின் ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இணையவழிப் பல்கலைக்கழகப் பாடங்களைத் தரும் எடெக்ஸ் தளத்தின் நான்கு பாடங்கள், 862 வீடியோக்கள், 69 லட்சம் முறை அவை பார்க்கப்பட்ட பதிவுகள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், ஒரு முறை உட்கார்ந்து பார்க்கும் நேரத்தின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று கண்டார்கள். வீடியோக்களை ஆறு நிமிடத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று பரிந்துரையும் செய்தார்கள். ஆறு நிமிட விதி பிறந்த இடம் இதுதான்.

இனி அந்தக் கட்டுரைக்குள் போய்ப் பார்ப்போம். அவர்கள் அளந்தது ஈடுபாட்டை: வீடியோ எவ்வளவு நேரம் ஓடியது, அதை அடுத்து வந்த கணக்கை மாணவர் போட முயன்றாரா. யார் எவ்வளவு கற்றார் என்பதை அளக்கவில்லை. வீடியோ ஓடும்போது மாணவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாரா, தேநீர் போடப் போயிருந்தாரா என்பதும் பதிவில் தெரியாது. இதை ஆய்வாளர்களே சொல்கிறார்கள். சிறிய வீடியோக்கள் கூடுதல் திட்டமிடலோடு தயாரிக்கப்பட்டிருக்கலாம், அதனால்கூட அவை நன்றாக இருந்திருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். பார்த்தவர்கள் பணம் கட்டாமல், கட்டாயமில்லாமல், உலகின் பல மூலைகளிலிருந்து தாமாக வந்து சேர்ந்தவர்கள். வங்கியின் புதிய ஊழியருக்குப் பணமோசடித் தடுப்புச் சட்டத்தைக் கற்பிக்கும் கட்டாயப் பாடத்துக்கும் அவர்களுக்கும் என்ன பொருத்தம்? ஏதோ கொஞ்சம் இருக்கலாம், ஆனால் அதை யாராவது காட்ட வேண்டும்.

அதே கட்டுரையில் வேறு கண்டுபிடிப்புகளும் இருந்தன. வகுப்பறை விரிவுரையைப் பதிவுசெய்து பின்னால் துண்டு துண்டாக வெட்டியது, இணையத்துக்கென்றே திட்டமிட்டு எடுத்ததன் அளவுக்கு ஈர்க்கவில்லை. கையால் எழுதிக்கொண்டே விளக்கும் வீடியோ, அச்சடித்த ஸ்லைடைக் காட்டுவதைவிட ஈர்த்தது. ஸ்டுடியோவில் பெரும் செலவில் எடுத்ததைவிட, ஆசிரியர் தன் மேசையில் உட்கார்ந்து நேரே பேசுவதுபோல எடுத்தது நன்றாகப் போனது. இவையெல்லாம் பயனுள்ள செய்திகள். ஆனால் எண் ஒன்று மட்டுமே பயணம் செய்தது. அதன் விளைவாக, நாற்பது நிமிடப் பழைய விரிவுரையை ஏழு துண்டாக வெட்டி ‘மைக்ரோலேர்னிங்’ என்று பெயர் வைக்கிறார்கள். எது சரிப்படவில்லை என்று அந்த ஆய்வு சொன்னதோ அதையே, அந்த ஆய்வின் பெயரால் செய்கிறார்கள்.

அடுத்த ஆண்டே ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்த விதியைக் கேள்வி கேட்டார்கள். ஓர் அமர்வில் ஆறு நிமிடம் பார்த்த மாணவர் மறுநாள் மீதியைப் பார்க்கிறார். அமர்வுக்குப் பதிலாக மாணவரை எண்ணினால் படம் மாறுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டும் ஸ்லைடு கண்ணில் படுவது அரிது.

மின்னல் பாடமும் ஒரகடத்துத் தொழிலாளியும்

திரையில் எழுதியிருப்பதை வாய்ஸ் ஓவரில் அப்படியே வாசிக்கக் கூடாது என்ற விதிதான் மிகவும் கவனத்துக்குரியது, ஏனென்றால் அதன் பின்னால் உழைப்பு இருக்கிறது. ரிச்சர்டு மேயர் பல ஆண்டுகளாகச் செய்த சோதனைகளில் புகழ்பெற்றது மின்னல் எப்படி உண்டாகிறது என்று விளக்கும் சிறிய அசைபடம். அதன் நீளம் 140 விநாடி. அசைபடத்தோடு குரல் விளக்கம் கேட்ட மாணவர்கள் ஒருபுறம். அதே அசைபடம், அதே குரல், கூடவே அதே வாக்கியங்கள் திரையின் அடியிலும் ஓடப் பார்த்தவர்கள் மறுபுறம். எழுத்தும் சேர்ந்த குழு சோதனையில் பின்தங்கியது. கண் ஒரே நேரத்தில் படத்தையும் எழுத்தையும் பார்க்க முடியாது. காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பதிலும் மனம் செலவாகிறது. இதற்குத்தான் ‘மிகைமைக் கோட்பாடு’ என்று பெயர்.

இந்த முடிவோடு ஒட்டிக்கொண்டு வந்த நிபந்தனைகள் பல. பங்கேற்றவர்கள் கலிபோர்னியாவின் கல்லூரி மாணவர்கள். பாடம் இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ அவர்களால் முடியாது. சோதனை உடனே நடந்தது. மொழி அவர்கள் அன்றாடம் பேசும் ஆங்கிலம். திரையில் படமே இல்லாதபோதும், சொல் கடினமானபோதும், கற்பவரின் தாய்மொழி வேறாக இருக்கும்போதும் இந்த விதி அப்படியே பொருந்தாது என்று மேயரே எழுதியிருக்கிறார். முழு வாக்கியத்துக்குப் பதிலாக இரண்டு மூன்று முக்கியச் சொற்களை மட்டும் படத்தின் உரிய பாகத்துக்குப் பக்கத்தில் காட்டினால் நினைவாற்றலுக்கு அது உதவுகிறது என்று 2008இல் அவரும் செரில் ஜான்சனும் காட்டினார்கள். படத்துக்கான விளக்கம் எழுத்தில் இருப்பதைவிடக் குரலில் இருப்பது நல்லது என்பது இதன் பக்கத்து விதி. 2004இல் ஹூய்ப் டாபெர்ஸ் குழுவினர், கற்பவரே தன் வேகத்தில் நகர்த்திக்கொள்ளும் பாடத்தில் அதைச் சோதித்தபோது, எழுத்தில் படித்தவர்களே முன்னணியில் வந்தார்கள்.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பு வேலைக்கு முன் இயந்திரத்தின் மின் இணைப்பைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, தன் பெயர் எழுதிய அட்டையை மாட்டும் ‘லாக்-அவுட் டேக்-அவுட்’ முறையைக் கற்பிக்கும் பாடம். தலைமை அலுவலகம் வெளிநாட்டில் இருப்பதால் பாடம் ஆங்கிலத்தில். வாய்ஸ் ஓவர் அமெரிக்க உச்சரிப்பில். கற்பவர் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பும் பிறகு ஐ.டி.ஐ.யும் முடித்தவர். ‘ஐசொலேட்’ (இணைப்பைத் துண்டித்தல்) என்ற சொல் அவருக்குத் தெரியும். சுவிட்ச் பலகையில் தினமும் பார்க்கிறார். ஓடும் பேச்சில் அந்த உச்சரிப்பில் அது காதில் விழும்போது பிடிபடாமல் போகலாம். இந்த இடத்தில் ‘ஆய்வுகள் சொல்கின்றன’ என்று எழுத்தை முழுவதும் நீக்குவது, ஆய்வு எச்சரித்த இடத்திலேயே ஆய்வை மீறுவதாகும். அவரைப் போன்றவருக்குச் சோதனைக்கூடத்து மாணவரின் விதியைப் பொருத்துவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனென்றால் இங்கே தவறினால் போவது மதிப்பெண் அல்ல, விரல்.

எழுத்தைச் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் அதற்கும் ஆய்வுகள் ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. அயல்மொழி கற்பவருக்கு வீடியோவின் அடியில் எழுத்து ஓடுவது கேட்டுப் புரிந்துகொள்ளவும் சொற்களைக் கற்கவும் நன்றாக உதவுகிறது என்று 18 ஆய்வுகளைத் தொகுத்த 2013 பகுப்பாய்வு சொல்கிறது. ஆனால் அங்கே இலக்கு மொழியைக் கற்பது. ஆங்கிலத்தில் ஓர் அறிவியல் பாடத்தைக் கொரிய மாணவர்களுக்குக் காட்டி 2014இல் மேயரும் ஹியுன்ஜியோங் லீயும் அலானா பீபிள்ஸும் சோதித்தபோது, வீடியோ சேர்த்தது உதவியது. எழுத்து சேர்த்தது புரிதலைக் கூட்டவில்லை. ஆகவே முக்கியச் சொற்களை மட்டும் படத்தின் அருகில் வைப்பது, பாடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வசதியைத் தருவது என்ற இரண்டும் இப்போதைக்கு நிதானமான முடிவுகளாகத் தோன்றுகின்றன. இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அந்தப் பாடம் ஏன் தமிழில் இல்லை? வாய்ஸ் ஓவரைத் தமிழில் பதிவுசெய்ய ஆகும் செலவு, இந்த விவாதத்துக்கு ஆகும் கூட்டங்களின் செலவைவிடப் பெரிதாக இருக்காது.

ஒரே வரிகள் குரலிலும் எழுத்திலும் சேர்ந்து வருவதே நோக்கமாக இருந்த முயற்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் பிரிஜ் கோத்தாரி 1996இல் தொடங்கிய யோசனை அது: திரைப்பாடலின் வரிகளை, பாடும் மொழியிலேயே திரையின் அடியில் ஓட விடுவது. 2002இல் தூர்தர்ஷனின் ‘சித்ரஹார்’ நிகழ்ச்சியில் அது வந்தது. தட்டுத்தடுமாறி எழுத்துக்கூட்டும் பெரியவர்களும் குழந்தைகளும், வரி மனப்பாடமாகத் தெரிந்த பாட்டைப் பார்த்துக்கொண்டே வாசிப்பு பழக வேண்டும் என்பது திட்டம். மேயரின் சோதனையில் சுமையாக இருந்த எழுத்து இங்கே பாடமே ஆகிவிடுகிறது. இலக்கைச் சொல்லாமல் விதியை மட்டும் சொன்னால் இவற்றில் ஒன்று தவறு என்று தோன்றும். இரண்டும் சரி.

தேர்வு எப்போது வைக்கிறோம்?

ஊடகத்தைப் பற்றிய சண்டையில் துறை செலவழிக்கும் ஆற்றலில் பாதியை வேறொன்றில் செலவிட்டால் நல்லது என்று நினைக்கிறேன். 1983இலேயே ரிச்சர்டு கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர் இதை எழுதிவிட்டார்: மளிகைச் சாமான் ஏற்றிவரும் லாரி நம் உடம்புக்குச் சத்தைச் சேர்ப்பதில்லை, சத்து சாமானில்தான் இருக்கிறது, பாடத்தைக் கொண்டுவரும் ஊடகமும் அப்படித்தான் என்பது அவர் வாதம். ராபர்ட் கோஸ்மா அதை மறுத்து எழுதினார், விவாதம் பல ஆண்டுகள் நடந்தது. எப்படியிருந்தாலும், எந்த முறையில் கற்கிறோம் என்பதற்கு ஊடகத்தைவிட எடை அதிகம் என்பதில் பெரிய சந்தேகம் இல்லை.

அந்த முறைகளில் மிகவும் உறுதியாக நிற்பது, படித்ததை நினைவிலிருந்து எடுத்துப் பார்க்கும் பயிற்சி. 2006இல் செயின்ட் லூயியின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் மாணவர்களுக்குச் சிறிய அறிவியல் பத்திகளைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு ஒரு பத்தியை மறுபடி படிக்கவும், இன்னொன்றைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதவும் வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்ததில் 81 சதவீதமும், எழுதிப் பார்த்ததில் 75 சதவீதமும் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்து மறுபடி படித்தது 42ஆக இறங்கியது. எழுதிப் பார்த்தது 56இல் நின்றது.

இந்த நான்கு எண்களையும் இ-லேர்னிங்கில் இருக்கும் ஒவ்வொருவரும் நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். ஏனென்றால் நாம் பாடத்தின் கடைசி ஸ்லைடில் வினாடி வினாவை வைக்கிறோம். அதாவது அந்த ஐந்தாவது நிமிடத்தில். எந்த முறை பிறகு தோற்கப்போகிறதோ அது வென்றதுபோல் தெரியும் நேரம் அதுதான். எல்.எம்.எஸ். என்ற கற்றல் மேலாண்மை மென்பொருள் அந்த மதிப்பெண்ணைப் பதிவுசெய்கிறது, 80 சதவீதம் எடுத்தவருக்குச் சான்றிதழ் கொடுக்கிறது, அறிக்கை வாடிக்கையாளருக்குப் போகிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஒரு வாரம் கழித்து என்ன மிஞ்சியது என்று கேட்க யாருக்கும் பணம் தரப்படவில்லை. துறைக்கு ஆய்வு போய்ச் சேராததற்குப் படிக்காத வடிவமைப்பாளரைக் குறை சொல்வது சுலபம். ஒப்பந்தத்தில் அளவுகோல் இப்படி எழுதப்பட்டிருக்கும்போது, ஆய்வைப் படித்தவரும் படிக்காதவரும் ஒரே பாடத்தைத்தான் தயாரிப்பார்கள்.

இதை மாற்றப் பெரிய கருவிகள் தேவையில்லை. அதே கேள்விகளில் மூன்றை, பாடம் முடிந்து பத்து நாளிலும் பிறகு ஒரு மாதத்திலும் கைபேசிக்கு அனுப்பினால் போதும். அதுவே பயிற்சி, அதுவே அளவீடு. எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதற்கும் ஆய்வு உண்டு. 2008இல் நிக்கோலஸ் செபெடா குழுவினர் 1,350 பேருக்கு மேல் வைத்துச் சோதித்து, எவ்வளவு காலம் நினைவில் நிற்க வேண்டுமோ அதைப் பொறுத்து இடைவெளியும் நீள வேண்டும் என்று கண்டார்கள். அடுத்த வாரத் தேர்வுக்கு ஒரு நாள் இடைவெளி போதும். ஆண்டுக் கணக்கில் நிற்க வேண்டியதற்கு வாரக் கணக்கில் இடைவெளி வேண்டும்.

டெல்லியில் ஒரு குலுக்கல்

இந்திய நிலத்தில் நடந்த ஆய்வுகள் குறைவு என்பதால், இருப்பதைக் கவனமாகப் படிக்க வேண்டும். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகியோர் டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற கணினிவழிக் கற்றல் மென்பொருளைச் சோதித்து 2019இல் வெளியிட்டது அவற்றில் முக்கியமானது. பள்ளி முடிந்த பிறகு மாணவர்கள் வந்து படிக்கும் மையங்கள். இலவச இடத்துக்குக் குலுக்கல். இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நாலரை மாதம் கழித்து ஒப்பிட்டார்கள். கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 திட்டவிலக்க (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அலகு) அளவுக்கு முன்னேற்றம். கல்வி ஆய்வில் இது சாதாரண எண் இல்லை.

‘டேப்லெட் கொடுத்தால் மதிப்பெண் ஏறும்’ என்று இதைச் சுருக்கினால் ஆய்வு செத்துவிடும். அந்த மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து தொடங்கியது. ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் கணித அறிவு சராசரியாக இரண்டு வகுப்புக்கு மேல் பின்தங்கியிருந்தது. ஆறாம் வகுப்புப் புத்தகத்தை எவ்வளவு அழகான அசைபடமாக மாற்றினாலும் அவர்களுக்கு எட்டியிருக்காது. மேலும், ஒன்றரை மணி நேர அமர்வில் பாதிதான் மென்பொருள். மீதிப் பாதியில் சிறு குழுவாக அமர்த்தி ஓர் உதவியாளர் சொல்லிக்கொடுத்தார். வாரத்தில் ஆறு நாள். முன்னேற்றத்தில் எவ்வளவு மென்பொருளால் வந்தது, எவ்வளவு அந்த உதவியாளரால் வந்தது என்று இந்த ஆய்வின் அமைப்பில் பிரித்துச் சொல்ல வழியில்லை. இந்த எண்ணை ஒரு விளம்பரத்தில் பார்க்கும் பள்ளித் தாளாளர், மையத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மென்பொருளைத் தயாரித்த நிறுவனம் வெளி ஆய்வாளர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது, குலுக்கலுக்கு ஒப்புக்கொண்டது. இந்த அளவுக்குப் பெரிதாக இல்லாவிட்டாலும் சிறிய அளவில் இதை எந்த நிறுவனமும் செய்யலாம். ஒரகடத்துப் பாடத்துக்கே திரும்பினால், அடுத்த தொகுதியில் 200 பேர் கற்கிறார்கள் என்று வையுங்கள். வருகைப் பதிவேட்டு எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையாக இருப்பவர்களுக்குத் தமிழ்க் குரலும் முக்கியச் சொற்களும். இரட்டையாக இருப்பவர்களுக்கு வழக்கமான ஆங்கிலப் பதிப்பு. பாடம் முடிந்ததும் யாரிடமும் பிடித்திருந்ததா என்று கேட்க வேண்டாம். மூன்று வாரம் கழித்து, மேற்பார்வையாளர் ஒருவர் கையில் படிவத்தோடு பணித்தளத்தில் நின்று, பூட்டும் அட்டையும் சரியான வரிசையில் மாட்டப்படுகின்றனவா என்று பார்க்கட்டும். யார் எந்தக் குழு என்று அவருக்குத் தெரியக் கூடாது. மாட்டத் தவறியவரை அங்கேயே நிறுத்தித் திருத்தட்டும், தமிழ்ப் பதிப்பு முந்தினால் அடுத்த மாதமே இரு குழுவுக்கும் அதைக் கொடுக்கட்டும். தமிழ் பேசும் தொழிலாளிக்கு எது உதவுகிறது என்பதற்கு நம்மிடம் உள்ள சான்று மிகக் குறைவு. அந்த இரு குழுக்களின் எண்களை, பெயர்களை நீக்கிவிட்டு வெளியிட்டால், கொரிய மாணவர்களை வைத்து ஊகிக்க வேண்டிய நிலையில் அடுத்த வடிவமைப்பாளர் இருக்க மாட்டார்.